பாசிர் கூடாங்கின் மேய்ச்சல் நிலம்

மலாய் வழக்கத்தில் காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டவருக்கே நிலம். பயிரைக் கைவிட்டு, நிலம் மீண்டும் காடேறிவிட்டால் அவருடைய பாத்தியதையும் போய்விடும். பயிரேறாத நிலம் ஆட்சியாளரின் பொறுப்பு. இந்த அதிகாரத்தைக் கொண்டே 1844 முதல் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றோர நிலங்களை 'சூராட் சுங்கை' என்ற பத்திரம் கொடுத்துச் கங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்களிடம் ஒப்படைத்தார். ஜொகூரின் பாசிர் கூடாங்கை ஒட்டிய ஆற்றோரங்களிலும் மிளகும் கம்பீர் செடியும் பரவின. கம்பீர் இலையைக் காய்ச்ச ஓயாமல் விறகு வேண்டும். எனவே தோட்டத்தோடு அதைச் சுற்றியிருந்த காடும் அழிந்தது. மண் சத்திழந்ததும் பயிரிட்டவர்கள் அடுத்த காட்டுக்கு நகர, பின்னால் லாலான் புல் மண்டியது. தளிராக இருக்கும்போது மாடு அதைக் கடிக்கும், முற்றினால் தொடாது. கங்சூ முறை 1917-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. அளந்து, எல்லைக்கல் நட்டு, பட்டா பதியும் முறை வேரூன்றிய பின் தரிசும் யாராவது ஒருவரின் பெயரிலோ அரசின் பெயரிலோ இருந்தாக வேண்டியதாயிற்று. எல்லோருக்குமான நிலம் என்று ஒரு வகை அதில் இல்லை.

இந்த ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களுக்கு அப்படியொரு வகை தெரியும். சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று கிராமக் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கி, அங்கே மேய்ச்சலைக் கட்டணத்துக்கும் அனுமதிச் சீட்டுக்கும் உட்படுத்தியபோதும் ஊர்ப் புறம்போக்கு மிஞ்சியது.

தோட்டத்தில் மிஞ்சியது துரையின் சம்மதம் மட்டுமே. கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் 16-இல் ஒரு பங்கைப் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ தரச் சொன்னது. அந்தக் கூட்டில் சேராத ஜொகூருக்குத் தனியே ஒரு தொழிலாளர் சட்டம் இருந்தது. ஆனால் 16-இல் ஒரு பங்கு ஏக்கர் ஒரு பசுவுக்குக் காணாது. ஆகவே மாடுகள் லயத்துக்குப் பின்னே, ஓடைக்கரையில், முற்றிய பால்மரங்களின் நிழலில் மேய்ந்தன. இளங்கன்று நட்ட பகுதியில் மட்டும் விடமாட்டார்கள். மாடு கன்றைக் கடித்துவிடும், மண் காக்க விதைத்த மூடுகொடியையும் தின்றுவிடும். சம்பளத்துக்கு வெளியே குடும்பத்துக்குக் கிடைத்த உருப்படியான வருமானம் இந்த மாடுகளின் பால்தான். அது எவருடைய பதிவேட்டிலும் ஏறாதது பெருங்குறை.

அதன் விளைவு பிறகு தெரிந்தது. 1966 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, பட்டா வழங்கப்படாத நிலத்தை மாநில அரசுக்கு உரியதாக வைத்தது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அரசுக்கு எதிராக உரிமை பிறக்காது என்றும் 48-ஆம் பிரிவில் சொன்னது. 1970-களில் ஜொகூர் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகம் பாசிர் கூடாங்கைத் தொழில்நகரமாக்கியது. 1977-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. தோட்டம் ஆலைக்கு வழிவிடும் இடங்களில் இழப்பீடு நிலத்தில் சட்டப்படி உரிமையுள்ளவருக்கே சேரும். சம்மதத்தின் பேரில் மாடு மேய்த்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த இன்றும் உரிமம் பெறலாம். அது அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31-உடன் காலாவதியாகும். கைமாற்ற முடியாது, பெற்றவர் இறந்தால் பிள்ளைகளுக்குப் போகாது.