முழங்கால் பாதிப்பும் தசைச் சமிக்ஞையும்: மாதிரி அளவு எது?

முழங்கால் பாதிப்பைத் தசையின் மின்சமிக்ஞையிலிருந்தே கணினி இனங்காணும் என்று கூறும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. அவற்றில் மிக உயர்ந்த துல்லியம் காட்டும் சில ஆய்வுகள் அளப்பது நோயை அல்ல, ஆளை என்பதே என் வாதம். இத்துறையில் பலரும் எடுத்தாளும் தரவுத்தொகுப்பு ஒன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகக் களஞ்சியத்தில் உள்ளது. அதில் இருப்போர் 22 ஆண்கள். 11 பேருக்கு முழங்கால் கோளாறு முன்பே கண்டறியப்பட்டது. நான்கு தொடைத் தசைகளின் மின்சமிக்ஞை (இ.எம்.ஜி.) நொடிக்கு 1000 அளவீடுகளாகப் பதிவாகியுள்ளது. இத்தகைய பதிவைக் கால் நொடித் துண்டுகளாக நறுக்கினால் ஒருவரின் ஒரு நிமிடம் 240 துண்டுகளாகும். 22 பேருக்கு 5,280. சிக்கல் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. துண்டுகளைக் கலைத்துப் பயிற்சிக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்கு என்று பிரித்தால், ஒரே ஆளின் துண்டுகள் இரு பக்கமும் போய்ச் சேரும். தோலடிக் கொழுப்பின் தடிமன், மின்முனை ஒட்டிய இடம், நடையின் பாங்கு ஆகியவை ஒவ்வொருவரின் சமிக்ஞையிலும் முத்திரை பதிக்கின்றன. கணினி அந்த முத்திரையைக் கற்றுக்கொண்டாலே தேர்வில் தேறிவிடும். ஒன்றையொன்று சார்ந்த அளவீடுகளைத் தனித்தவையாக எண்ணும் இத்தவற்றையே 1984இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் தம் துறை ஆய்வுகளில் போலிப் பன்மை என்று சுட்டிக்காட்டினார்.

துண்டு ஒவ்வொன்றும் புதிய செய்தி தருகிறதே, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்கலாம். தருவது உண்மை, ஆனால் அது அந்த ஆளை நுட்பமாக அறிய உதவுமே தவிர, இன்னோர் ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒருவரின் துண்டுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு 0.5 என்று கொண்டால், 5,280 துண்டுகளின் மதிப்பு ஏறக்குறைய 44 தனித்த அளவீடுகளுக்கே சமம். ஒவ்வொரு முறையும் ஓர் ஆளை முழுமையாக ஒதுக்கிவைத்துச் சோதித்து, 22 பேரில் 18 பேரைச் சரியாகக் கணித்தாலும், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி சுமார் 60 முதல் 95 விழுக்காடு வரை விரிகிறது. நேர்மையான விடை அவ்வளவு அகலமானதுதான்.

உச்சச் சுருக்கத்தின் விழுக்காடாகச் சமிக்ஞையை மாற்றிவிட்டால் ஆள்வேறுபாடு மறையும் என்பது இன்னொரு மறுப்பு. ஆரோக்கியமான காலுக்கு அது ஓரளவு பொருந்தும். காயமுற்ற மூட்டிலோ, வீக்கமும் வலியும் நரம்புவழித் தடையை உண்டாக்குவதால் தொடையின் முன்புற நாற்றலைத் தசையை முழுவதும் இயக்க முடிவதில்லை. வகுக்கும் எண்ணான உச்சச் சுருக்கமே குறைந்துவிடுவதால், தளர்ந்த தசை கடுமையாக உழைப்பதுபோல் விழுக்காடு உயர்ந்து காட்டும். வேறுபாட்டை அகற்ற வந்த முறை, நோயின் விளைவையே அளவுகோலுக்குள் புகுத்திவிடுகிறது. கலப்பு விளைவு மாதிரிகள் இதைவிட மேலானவை, ஐயமில்லை. ஆளுக்குள் உள்ள மாறுபாட்டையும் ஆளுக்கு ஆள் உள்ள மாறுபாட்டையும் அவை பிரித்துக் காட்டும். எனினும் 11 நோயாளிகளை 100 பேராக்க எந்த மாதிரியாலும் ஆகாது.

நோயாளிகள் கிடைப்பது அரிது என்பதால் சிறு ஆய்வுகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ஆள்வாரியாகப் பிரித்துச் சோதிக்காத துல்லியக் கணக்கை, முழங்கால் நோயறிதலுக்கான சான்றாக ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.