முட்டைச் சண்டையும் நாலு பைட்டும்

ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய கல்லிவர் கதையில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று இரு நாடுகள் சண்டை போடும். கம்ப்யூட்டர் உலகிலும் அதே கதைதான்! ஐபிஎம் 360, எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைத்தது. வாக்ஸ் சின்னதை முதலில் வைத்தது. 1980 ஏப்ரல் 1 தேதியிட்ட கட்டுரையில் டேனி கோஹன், முட்டைக் கதையிலிருந்தே 'எண்டியன்' என்று பேர் வைத்து சமாதானம் கேட்டார். 1981-இல் வந்த ஐபி விதிகள் 'பெரியதே முதல்' என்றன.

1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ், சாக்கெட்டோடு எச்டிஓஎன்எல் போன்ற மாற்றி ஃபங்ஷன்களையும் தந்தது. அதை விட்டுவிட்டு, சி மொழியில் ஸ்ட்ரக்சரை அப்படியே அனுப்பினால், இங்கே 1 என்றது அங்கே 1,67,77,216 ஆகலாம். கம்பைலர் வாயே திறக்காது. தம்பி தங்கைகளே, இன்டெல் சிப் இன்றும் சின்னதை முதலில் வைக்கும் கட்சிதான். அனுப்பும் முன் வரிசையைப் பாருங்கள்!