தூக்குகிறவனும் பார்க்கிறவனும்

மயிலாப்பூரில் பளு தூக்கும் வித்தையின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன், இரும்புத் தட்டுகள் வந்த காலத்திலிருந்து தொடங்குவானாயின், அது பாதிச் சரித்திரமாகவே முடியும். ஏனெனில் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள், அதிகார நந்தி வாகனத்தைத் தோளில் ஏந்தி மாட வீதிகளைச் சுற்றி வருகிற ஸ்ரீபாதந்தாங்கிகள், ஜிம் என்ற சொல்லை இந்த ஊர் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, கனத்த பொருளை மனித சரீரம் எவ்விதம் ஏற்க வேண்டும் என்பதை மூத்தவரிடமிருந்து இளையவர் கற்கும் அறிவாக வைத்திருந்தார்கள். தண்டின் கீழே நிற்பவர்களை உயரம் பார்த்து நிறுத்துவது அவர்களுடைய முதற்பாடம். ஒருவர் தம் பலத்தைக் காட்ட எண்ணித் தோளைச் சற்று உயர்த்தினாலும் பாரம் அவர்மேலேயே வந்து இறங்கும், வாகனமும் சாயும். சோம்பித் தாழ்த்தினாலோ பக்கத்தில் இருப்பவரின் கழுத்து நோகும். ஆகவே அங்கே தனி ஒருவருடைய வீம்புக்கு இடமில்லை. அடுத்த தோள் உடனே கண்டுபிடித்துவிடும், வாய்விட்டுச் சொல்லியும் விடும்.

இதைச் சொன்னதும், முன்னோர் காலத்தில் எல்லாம் கிரமமாக நடந்தது, இக்காலத்து இளைஞர்களே அகங்காரத்தால் கெட்டார்கள் என்று நான் கூறப்போவதாக யாரும் எண்ண வேண்டாம். தென்பாண்டிச் சீமையின் கிராமங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் இளவட்டக்கல், வீம்பைக் கண்ணால் காண்பதற்கென்றே வைக்கப்பட்டது. பிடிப்பதற்கு விளிம்போ குழியோ இல்லாத அந்த வழவழத்த உருண்டைக் கல்லை, குந்தி உட்கார்ந்து இரு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைக்கும், தொடையிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து தோளுக்கும் படிப்படியாக ஏற்றி, முதுகுப்புறமாக வீசிவிட்டவனே ஊரார் கண்ணுக்கு வாலிபன். பொங்கல் வந்தால் அது போட்டியாகவே நடக்கும். அங்கே கர்வம் இருந்தது, பரிகாசமும் இருந்தது, பெண் கொடுப்பவர்களின் கணக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கல்லை முறை தப்பித் தூக்க முடியாது. இடுப்பை வளைத்துக் கையால் மட்டும் இழுக்கிறவனுக்கு அது தரையை விட்டு அசைந்தே கொடாது. கல்லே ஆசானாக இருந்தது என்று சொல்லலாம்.

சென்னையின் பழைய பேட்டைகளில் இளவட்டக்கல்லின் ஸ்தானத்தைக் கர்லாக்கட்டை வகித்தது. தாலிம்கானா என்னும் பயிற்சிக்கூடத்தில் மாணவன் முதலில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, பிறகே சிறு கட்டையைத் தொடுவான். அதைத் தோளுக்குப் பின்னால் இறக்கி, முதுகை ஒட்டிச் சுழற்றி, மறுபடி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் மணிக்கட்டும் தோளும் இடுப்பும் ஒரே தாளத்தில் இசைய வேண்டும், இசையாவிட்டால் கட்டை பின்மண்டையில் தட்டிப் புத்தி சொல்லும். கனத்த கட்டைக்கு எப்போது மாறுவது என்பதை மாணவன் தீர்மானிப்பதில்லை. அது வஸ்தாது என்கிற ஆசானின் கண்ணுக்கு விடப்பட்ட காரியம். பெரும்பாலான கட்டைகளில் எடை பொறிக்கப்பட்டதுமில்லை. நீ எத்தனை ராத்தல் சுற்றுகிறாய் என்று ஒருவனை ஒருவன் கேட்பதற்கு வழியில்லாமல் போனது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை இப்போதுதான் நாம் உணர்கிறோம். இந்தக் கட்டைகளையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய ராணுவத்தார் கைக்கொண்டு, தங்கள் கவாத்தில் சேர்த்து, சீமைக்கும் எடுத்துச் சென்றார்கள். 1904, 1932 ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. நம்முடைய பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வெள்ளைக்காரன் டிரில் என்ற வேஷத்தில் திரும்பி வந்தது தனி வேடிக்கை.

வீம்புக்கு மேடை போட்டுக் கொடுத்தது சர்க்கஸ். பிரஷ்யாவில் பிறந்து லண்டனில் பெரும்புகழ் ஈட்டிய யூஜின் சாண்டோ 1904-05-இல் இந்தியாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, அவருடைய சரீரத்தின் செதுக்கிய அமைப்பைக் கண்டும் கேட்டும் படித்தும் மயங்காத வாலிபர் அபூர்வம். ஆனால் மேடையில் ஆட்களையும் குதிரையையும் தூக்கிக் காட்டிய அதே சாண்டோ, பொதுஜனங்களுக்கென்று எழுதிய புத்தகங்களில் போதித்தது வேறு: ஏறக்குறைய ஐந்து ராத்தல் மட்டுமே உள்ள சிறு டம்பெல்களை, எந்தத் தசை வேலை செய்கிறதோ அந்தத் தசையின்மேல் மனத்தை நிறுத்தி, நிதானமாக அசைப்பதே அவர் விதித்த அப்பியாசம். ஜனங்கள் மேடையை ஞாபகம் வைத்துக்கொண்டு புத்தகத்தை மறந்தார்கள். தமிழ்நாட்டில் அவர் பெயர் பலசாலிகளுக்குரிய பட்டமாகவே ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் உடலை வளர்த்து, 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்துச் சென்னைப் படவுலகில் நிலைபெற்ற சின்னப்பா தேவரை இன்றும் சாண்டோ என்ற அடைமொழி இல்லாமல் யாரும் சொல்வதில்லை.

சாண்டோவுக்கு விடையாக இந்தியா காட்டிய பேர் கோடி ராமமூர்த்தி நாயுடு. இன்றைய ஆந்திரத்தின் வீரகட்டத்தில் 1880-களில் பிறந்த அவர், நம் சைதாப்பேட்டையில் தேகப்பயிற்சி ஆசிரியருக்கான படிப்பை முடித்துக்கொண்டு, விஜயநகரத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, பின்னர் சொந்த சர்க்கஸ் கம்பெனியோடு தேசமெங்கும் சுற்றிக் கலியுக பீமன் என்று பிரசித்தி பெற்றவர். இரும்புச் சங்கிலியை அறுத்தார், மார்பின்மேல் யானையை ஏற்றினார். யானை ஏறும் சாகசத்தைச் சற்று நின்று யோசித்தால், அதில் பலத்துக்குச் சமமாக யுக்தியும் இருப்பது விளங்கும்: மிருகத்தின் கனம் ஒரே புள்ளியில் இறங்காதபடி அகலமான பலகை பரப்பிக் கொடுக்கும்; பாரத்தைத் தசை தாங்குவதில்லை, ஒழுங்காக அமைந்த எலும்புக்கூடு தாங்குகிறது; நிரப்பி நிறுத்திய மூச்சு மார்புக்கூட்டை உள்ளே குழியவிடாமல் காக்கிறது; யானையும் நின்று இளைப்பாறுவதில்லை, கடந்து போய்விடுகிறது. ராமமூர்த்தி பிராணாயாமத்தைத் தம் வித்தையின் ஆதாரமாகச் சொன்னதில் பக்தியோடு பௌதிகமும் கலந்திருந்தது. கொட்டகையில் காலணாக் கொடுத்து உட்கார்ந்திருந்தவனுக்கோ யானையும் மார்பும்தான் தெரிந்தன. சைதாப்பேட்டையில் அவர் படித்த படிப்பு தெரியவில்லை.

அந்தச் சைதாப்பேட்டைக்கே வேறொரு வகை உபாத்தியாயம் பின்னால் வந்து சேர்ந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1930-களில் அடையாற்றங்கரையை ஒட்டிய விசாலமான மைதானத்துக்கு, இப்போது நந்தனம் என்று நாம் சொல்லும் இடத்துக்கு, குடிபெயர்ந்தது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராகப் போனவர் இந்த ஹாரி பக் தான். கல்லூரிக்குப் பக்கத்தில் நீண்ட ஏரியைத் தூர்த்து மாம்பலம் என்ற புதுப்பட்டணம் எழும்பிக்கொண்டிருந்தது. பாண்டி பஜாரில் கடைகள் முளைத்த அதே காலத்தில், இந்தப் பக்கம் வயதுக்கும் உடல்நிலைக்கும் தக்கபடி பயிற்சியைப் படிப்படியாக வகுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் உருவாகிக்கொண்டிருந்தார்கள். தென்னாட்டுப் பள்ளிக்கூடங்களில் பி.டி. மாஸ்டர் என்ற பாத்திரம் நிலைத்தது இந்தக் கல்லூரியினால் என்பது என் அபிப்பிராயம். ஊதலும் கையுமாக நின்ற அவரை நாம் கேலி செய்திருக்கிறோம். முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று அவர் கூவியதில் பாதி, இன்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லப்படுகிறது.

இதே பாடத்தை உருவமாக வடித்த சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி தாமே மல்யுத்தம் பழகியவர். 1959-இல் மெரினாவில் நிறுத்தப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையில், பாறையை அசைக்கப் பாடுபடும் நால்வரையும் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒருமுறை சுற்றிவந்து பார்க்க வேண்டும். கை தனியாக வேலை செய்யும் உடல் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

இரும்புத் தட்டு செய்த புரட்சி, அதன்மேல் வார்க்கப்பட்ட எண்தான். ஐந்து, பத்து, இருபது என்று எழுதிய தட்டுகளைக் கம்பியில் கோத்தவுடன், பலம் என்பது கூட்டிக் கழித்து, அடுத்தவனுடையதோடு ஒப்பிட்டு, நேற்றைய கணக்கை இன்று மிஞ்ச வேண்டிய ஒன்றாக மாறியது. எண்ணைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க டாக்டர் தாமஸ் டெலார்ம், பத்துமுறை மட்டுமே தூக்க முடிகிற பளு எது என்று அளந்து, அந்த அளவை மெல்ல மெல்ல ஏற்றி, சூம்பிய கால்களுக்கு வலு திரும்பச் செய்த முறையை 1945-இல் வெளியிட்டபோது, அவருக்குக் கைகொடுத்தது எண்ணே. அதே எண் ஒப்பீட்டுக்கு வரும்போதுதான், பத்துமுறை முழுதாக மடங்க வேண்டிய முட்டி ஐந்துமுறை பாதியாக மடங்குகிறது.

வீம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பளுதூக்கும் பந்தயத்தின் சரித்திரத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 1972 வரை அதில் மூன்று வகைத் தூக்குகள் இருந்தன. அவற்றில் பிரஸ் என்பது, தோள்வரை கொண்டுவந்த கம்பியைக் காலை மடக்காமல், உடலை நிமிர்த்தி நின்றபடி, கைகளின் பலத்தால் மட்டும் தலைக்குமேல் உயர்த்துவது. எடை ஏற ஏற வீரர்கள் இடுப்பைப் பின்னுக்கு வளைத்து, வானத்தைப் பார்த்துச் சாய்ந்து, நின்றுகொண்டே படுத்துத் தள்ளுகிற நிலைக்குப் போய்விட்டார்கள். எது நிமிர்வு, எது சாய்வு என்று நடுவர்களாலும் ஒருமனதாகச் சொல்ல இயலவில்லை. முதுகெலும்புக்கும் கேடு என்ற முறையீடு எழுந்தது. முடிவில் மூனிக் ஒலிம்பிக்கோடு அந்தத் தூக்கையே எடுத்துவிட்டார்கள். உலகத்து மகாபலசாலிகள் சேர்ந்து ஒரு வித்தையை நேராகச் செய்ய மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்ததனால் அந்த வித்தையே ரத்தாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

மிஞ்சிய இரண்டு தூக்குகளில் ஏமாற்றுவது கடினம். ஸ்நாட்ச் என்பதில் கம்பி ஒரே வீச்சில் தரையிலிருந்து தலைக்குமேல் போக வேண்டும். முழங்கை கடைசி நேரத்தில் மடங்கி நிமிர்ந்தால் சிவப்பு விளக்கு. இந்த இரண்டு தூக்குகளே எஞ்சிய பின்னர், 1978-இல் கனடாவின் எட்மண்டனில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில், 52 கிலோ பிரிவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும், 56 கிலோ பிரிவில் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் பெற்றார்கள். ஐம்பது கிலோ தேகத்தில் வீம்புக்கு எங்கே இடம்? எல்லாம் வேகமும் நிலையும்தான்.

பிறகு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சதீஷ் சிவலிங்கம் வந்தார். தகப்பனாரும் பளு தூக்கியவர். பிள்ளைக்கு வேலை தெற்கு ரயில்வேயில். 2014-இல் கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற சதீஷ், அடுத்த பந்தயத்துக்கு முன்பு தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்று தொடையைக் காயப்படுத்திக்கொண்டார். அந்தத் தொடையோடுதான் 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனார். ஸ்நாட்சில் 144, மற்றத் தூக்கான கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, ஆக 317 கிலோ. தங்கம் உறுதியானதும், பாக்கியிருந்த கடைசி முயற்சிக்கு அவர் மேடை ஏறவில்லை. கிளாஸ்கோவைக் காட்டிலும் பதினொரு கிலோ குறைவான மொத்தத்தோடு மெடலை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இன்று தியாகராய நகரிலும் அடையாறிலும் மாடிக்கு ஒரு ஜிம் இருக்கிறது. மாநகராட்சிக் கூடங்களில் மாஸ்டர் என்று அழைக்கப்படும் மூத்தவர் ஒருவர் மூலையில் நின்று, இடுப்பு வளைகிறது தம்பி, இரண்டு தட்டைக் கழற்று என்று அதட்டுவதை இன்னும் கேட்கலாம். குளிர்சாதனம் போட்ட கூடங்களில் அந்த இடத்தைச் சுவர் முழுதும் பதித்த கண்ணாடி பிடித்துக்கொண்டது; இன்னொரு பிளேட் போடு ப்ரோ என்கிற நண்பன் பக்கத்தில், செல்போன் எதிரில். பெஞ்சில் மல்லாந்து கிடப்பவன் கம்பியை நெஞ்சில் மோதித் துள்ளவிட்டு மேலே தள்ளுகிறான், எண் கூடிவிடுகிறது. டெட்லிஃப்ட் எடுக்கும்போது முதுகு கூன்விழுகிறதா என்பது முன்னால் இருக்கும் கண்ணாடியில் தெரியாது. அதைப் பக்கவாட்டில் நிற்கிறவரே காண முடியும். தானே காண வேண்டுமென்று தலையைத் திருப்பினாலோ, பாரத்தின் நடுவில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் நின்று பார்ப்பதற்கு ஆள் இருக்கிறார். ஆனால் அதற்குப் பர்சனல் டிரெய்னிங் என்று பெயரிட்டு, மாதச் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். வஸ்தாதுக்கு விஜயதசமியன்று வெற்றிலை பாக்கோடு ஒரு வேஷ்டி வைத்தால் போதுமாயிருந்தது.