தடைசெய்யப்பட்ட பற்றரியும் பின்சில்லுக் காரும்

போன கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கதைதான். பன்னிரண்டு வருடம் உழைத்த கொரோலாவின் அடிப்பக்கத்தை ஸ்காபரோவின் றோட்டு உப்பு தின்றுவிட்டது. "இனி இதுக்குக் காசு கொட்டாதேங்கோ அண்ணை" என்று கராஜ்காரத் தம்பியே கையை விரித்துவிட்டான். மகன் மின்சாரக் கார் வாங்கச் சொல்லி நிற்கிறான். அதிலும் ஆகக் குறைந்த விலை மொடல். பின்சில்லு இரண்டும் மட்டும் இழுக்கிறது. நாலு சில்லும் இழுக்கிற மொடல் வேண்டுமென்றால் இன்னும் பல ஆயிரம் டொலர் கூட.

மனைவி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "நடுவழியிலை நிண்டா என்னப்பா செய்யிறது?"

மகனிடம் அதற்குப் பதில் இருக்கிறது. எவ்வளவு மின்சாரம் மிச்சம், அடுத்த சார்ஜர் எங்கே என்று எல்லாம் காரின் திரையில் தெரியுமாம். அவன் இங்கே பிறந்தவன். மனைவியின் கேள்வி 401 நெடுஞ்சாலையைப் பற்றியது அல்ல என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லவேண்டுமென்றால் நான் 1990 க்குப் போகவேண்டும்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் ரோர்ச் லைற்றுக்குப் போடுகிற பற்றரியும் இருந்தது. இன்றைக்கு இதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் பகிடி என்று நினைக்கிறார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பயணப்பையின் அடியில் இரண்டு எவரெடி ஒளித்துக்கொண்டு வந்தால் அது தங்கம் மாதிரி. செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் பிபிசி தமிழோசை கேட்டோம். அதுவும் முடிந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற டைனமோவில் றேடியோ பாடியது. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு.

அந்தக் காலத்தில் வாகனம் எப்படி ஓடியது? மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து உள்ளே வந்தது. அதுவும் யானை விலை. ஆனால் அதை நம்பித்தான் யாழ்ப்பாணத்தின் பழைய கார்களெல்லாம் மறுபிறவி எடுத்தன. ஒஸ்ரின் ஏ போர்ட்டி, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். கொழும்பில் இரும்புக்கு நிறுத்துப் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அவைதான் அம்புலன்ஸ், கலியாண வாகனம், பிரேத ஊர்தி எல்லாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் கால பிரித்தானிய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. ஏ போர்ட்டியில் ஏழு மடங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதனால் மட்டமான எரிபொருளையும் ஒருமாதிரிச் சகித்துக்கொள்ளும். பிரித்தானியாவிலேயே 1940 களிலும் 50 களிலும் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய்க்கு மாறி ஓடியது. எங்கள் மெக்கானிக்மார் யாரும் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. செய்து பார்த்துப் பிடித்தார்கள். சிக்கல் என்னவென்றால், மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே முதலில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடவேண்டும். சின்னப் போத்தலில் கண்ணுக்கு மருந்து விடுகிற அளவு. ஸ்ராட் ஆகி, சூடேறி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஒருமுறை நிற்பாட்டி இயந்திரம் ஆறிவிட்டால் மறுபடி அந்தச் சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதனால் சவாரி போகிறவர்கள் காரை நிற்பாட்டவே மாட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஹயரிங் கார் இருந்தது. 1950 களின் தொடக்கத்து ஏ போர்ட்டி. 1957 இல் சிங்கள ஸ்ரீ வருவதற்கு முன்னர் பதிந்த கார் என்பதால் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்து. (ஸ்ரீக்குத் தார் பூசிய கதையை வேறொரு நாள் எழுதவேண்டும்.) கார்க்கார அண்ணைக்கு அதில் ஒரு பெருமை. "என்ரை காருக்குத் தார் தேவைப்படேல்லை" என்பார்.

1993 ஐப்பசி மாதம், மழை. நடுச்சாமம் கடந்து ஐயாவுக்கு நெஞ்சு நோ. நான் ஓடிப்போய் அண்ணையை எழுப்பினேன். மனிதர் ஒரு சொல்லுச் சொல்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ராங்கில் மண்ணெண்ணெய் இருந்தது. போத்தலில் பெற்றோல் இல்லை. அன்று மாலைதான் ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் போய்வந்து கடைசிச் சொட்டும் முடிந்திருந்தது. சைக்கிளில் நான் இரண்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒருவர் அரைப் போத்தல் மூடி அளவு தந்தார். அதை மழைக்குள் கையால் பொத்திக்கொண்டு வந்தேன்.

கார் ஸ்ராட் ஆகியது. ஆனால் ஒழுங்கைச் சேற்றில் பின்சில்லு சுழன்றதே தவிரக் கார் நகரவில்லை. அண்ணை கத்தினார்: "டிக்கியிலை ஏறி இருங்கோடா!" நானும் அயலட்டைப் பொடியள் இரண்டு பேரும் பின்னால் ஏறிக் குந்தினோம். பாரம் இறங்கியதும் சில்லு பிடித்தது. ஐயாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உள்ளே. கே.கே.எஸ். வீதியில் ஒரு வெளிச்சமும் இல்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஐயாவுக்கு உயிர் இருந்தது. விடிய முன்னர் போய்விட்டது. பெற்றோல் தேடிய அந்த முக்கால் மணித்தியாலம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் ஒரு டொக்டரிடமும் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை.

மனைவிக்கு இந்தக் கதை தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி.

இனி ஸ்காபரோவுக்கு வருவோம். நான் இங்கே வந்தது 1997 இல். பேஸ்மென்ரில் என்னோடு இருந்த நண்பர் ஒரு பழைய செவர்லே வான் வைத்திருந்தார். விடியப்புறம் பேப்பர் போடுகிற வேலை. இதே ஸ்காபரோவில் எக்ளிண்டன் வீதிக் கோல்டன் மைலில் ஜெனரல் மோட்டர்ஸ் வான் தொழிற்சாலை இருந்தது, 1993 இல்தான் மூடினார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வானும் பின்சில்லு இழுக்கிறதுதான். பனிக்காலம் வந்தால் பின்னால் இரண்டு மண் மூட்டை போட்டுத்தான் ஓட்டுவார். எனக்கு உடனே ஒழுங்கையும் டிக்கியும் ஞாபகம் வந்தது. இயந்திரம் முன்னால், இழுக்கிற சில்லு பின்னால். பின்பக்கம் பாரமில்லாமல் சில்லு வழுக்கும். பின்சில்லுக் கார் பனிக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வது அந்த அனுபவத்தில்தான். பிறகு எல்லாரும் முன்சில்லு இழுக்கிற கொரோலா, சிவிக் என்று மாறிவிட்டார்கள்.

மின்சாரக் காரில் கணக்கு வேறு. மோட்டார் பின் அச்சிலேயே இருக்கிறது. பல நூறு கிலோ பற்றரி தரையோடு பரந்து கிடக்கிறது. மண் மூட்டையைக் கொம்பனியே உள்ளே வைத்துத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு வழுக்கத் தொடங்கினால் மோட்டாரின் இழுவையை இலத்திரனியல் கண் இமைக்குமுன் குறைத்துவிடும். நல்ல பனிக்கால ரயர் போட்டால் மக்கோவன் வீதிக்கு இது தாராளம். ரயர் போடாமல் நாலு சில்லு இழுக்கிற காரை வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கில் சறுக்கிப்போய் இடித்தவர்களை எனக்குத் தெரியும். பிறேக் பிடிக்கும்போது எத்தனை சில்லு இழுக்கிறது என்று பனி பார்ப்பதில்லை.

ஆக, பின்சில்லு எனக்குப் பயமில்லை. குளிரில் ஓடும் தூரம் நன்றாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் என் வேலைக்கும் கோயிலுக்கும் மகள் வீட்டுக்கும் அது போதும். எனக்குள் கிடந்து உறுத்துவது எரிபொருளின் குழாயை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான்.

மின்சாரக் கார் ரொறன்ரோவுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். 1893 இலேயே பிரெடெரிக் ஃபெதர்ஸ்ரன்ஹோ என்கிற காப்புரிமைச் சட்டத்தரணிக்காக இந்த நகரத்தில் ஒன்று செய்யப்பட்டு, அந்த வருடத் தொழிற்கண்காட்சியில் காட்டப்பட்டது. பற்றரியையும் மோட்டாரையும் வடிவமைத்தவர் வில்லியம் ஸ்டில். மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுமாம். பிறகு பெற்றோல் மலிந்தது, அதோடு மின்சாரக் கார் நூறு வருடம் தூங்கியது.

அதை மறுபடி எழுப்பியது அரசாங்கங்களின் மானியம். இங்கேதான் எனக்கு நம்பிக்கை ஆடுகிறது. ஒன்ராறியோ ஒருகாலத்தில் 14,000 டொலர் வரை கொடுத்தது. 2018 ஜூலையில் புதிய மாகாண அரசு வந்த கையோடு அதை நிறுத்தியது. ரெஸ்லா நீதிமன்றம் போய் ஓகஸ்டில் வென்றது வேறு கதை. 2019 மே மாதம் மத்திய அரசு 5,000 டொலர் தரத் தொடங்கியது. நிபந்தனை: அடிப்படை மொடல் 45,000 டொலருக்குக் கீழே இருந்தால், அதன் உயர்ந்த மொடல்களும் 55,000 வரை மானியம் பெறலாம். ரெஸ்லா என்ன செய்தது தெரியுமா? 44,999 டொலருக்கு ஒரு அடிப்படை மொடல் 3 ஐப் பட்டியலில் போட்டது. பின்சில்லுக் கார்தான். ஓடும் தூரம் 150 கிலோமீற்றர். பற்றரி சின்னது என்பதால் அல்ல, மென்பொருளால் கட்டிப்போட்டதால். யாரும் வாங்கவேண்டும் என்று அதை வைக்கவில்லை. அது பட்டியலில் இருந்தபடியால் அதற்கு மேலே இருந்த, 386 கிலோமீற்றர் ஓடும் கார் மானியத்துக்குத் தகுதி பெற்றது. சட்டத்துக்குள் நின்று செய்த கெட்டித்தனம். ஆனாலும் அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றரி இருக்கிறது, ஆனால் உனக்கு இவ்வளவுதான் என்று எங்கோ ஒருவர் எழுதி வைக்கலாம் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

2025 ஜனவரியில் அந்த மானியப் பணமும் தீர்ந்து திட்டம் நின்றது. 2026 பெப்ரவரியில் வேறு பெயரில் வேறொன்றை அறிவித்தார்கள். இடையில் 2024 ஒக்ரோபரில் சீனாவில் செய்த மின்சாரக் கார்களுக்கு 100 வீத மேல்வரி. 2026 ஜனவரியில் ஒரு தொகை கார்களுக்கு மட்டும் அதைத் தளர்த்த இணக்கம். இதையெல்லாம் நம்பிக் கார் வாங்கினால் பைத்தியம்தான் பிடிக்கும். நான் மானியத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"கறண்ட் போனா?" என்றும் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 2003 ஓகஸ்ட் 14 பின்னேரம் நான்கு மணி கடந்து ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருண்டன. ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர். நான் தொழிற்சாலையிலிருந்து இரண்டு மணித்தியாலம் நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியில் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பெற்றோல் நிலையத்தில் கார்கள் வரிசையாக, நிலத்துக்குக் கீழே பெற்றோல் நிறைய. ஆனால் பம்ப் வேலை செய்யவில்லை. பெற்றோலை மேலே இழுக்கவும் கறண்ட்தான் வேண்டும்!

2013 டிசம்பர் பனிக்கட்டி மழை அதைவிட மோசம். ரொறன்ரோவில் மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் பகுதியில் மூன்று நாள். அப்போதிருந்த பழைய சிவிக்கை வெளியே நிறுத்தி, ஹீற்றரைப் போட்டு, பிள்ளைகளை மாறி மாறி இருத்தினோம். புகை உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு. மின்சாரக் காரில் புகை இல்லை. பற்றரி நிறைய இருந்தால் பல மணி நேரம் குளிராமல் உள்ளே இருந்திருக்கலாம். சில மொடல்களில் காரிலிருந்து வயர் இழுத்துக் கேத்தலே கொதிக்க வைக்கலாம். இதைச் சொன்னபோதுதான் மனைவியின் முகம் கொஞ்சம் மாறியது.

2022 இல் ஊரில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது தங்கச்சி போனில் சொன்னாள், "அண்ணா, திரும்பவும் சைக்கிள்தான்." அந்த முறை தடை போட்டவர் யாருமில்லை, நாட்டிடம் டொலர் இல்லை. பெற்றோல் கப்பலில் வரவேண்டும். எனக்கு மின்சாரம் பக்கத்து ஊரிலிருந்து வருகிறது. 1971 இல் தொடங்கிய பிக்கரிங் அணுமின் நிலையத்தை றூஜ் கடற்கரையில் நின்றால் பார்க்கலாம். 2023 மே மாதம் ஒன்ராறியோவில் நள்ளிரவுக் கட்டணம் தொடங்கியபோது ஒரு யூனிட் 2.4 சதம். பிறகு கூடியிருக்கிறது, ஆனாலும் பெற்றோலோடு ஒப்பிட முடியாது.

கார்க்கார அண்ணையின் ஏ போர்ட்டிக்கு இருந்த ஒரு குணம் இந்தக் காருக்கு வராது. அதை அவரே கழற்றினார், அவரே பூட்டினார், எதை ஊற்றினாலும் ஓடவைத்தார். இதன் மூடியைத் திறந்தால் எனக்குத் தண்ணி விடுகிற இடம் மட்டும்தான் தெரியும். அந்தக் குறையோடுதான் கையெழுத்து வைத்தேன். அடிப்படை மொடல், பின்சில்லு, இரும்பு பொஸ்பேற் பற்றரி. அந்த வகைப் பற்றரியை நூறு வீதம் வரை நிரப்பிப் பாவிக்கலாம் என்றார்கள்.

சனிக்கிழமை எலக்ரீசியன் வந்து கராஜுக்கு 240 வோல்ற் லைன் இழுக்கிறார். மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்.

"இரவு படுக்கப் போகேக்கை அரைவாசிக்குக் கீழை ஒருநாளும் விடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

சரியென்றேன். பழைய கொரோலாவின் டிக்கியைத் துப்புரவாக்கும்போது ஸ்பெயர் ரயருக்குப் பக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் கான் இருந்தது. எப்போது வாங்கி வைத்தேன் என்று ஞாபகமில்லை. மகன் எறியவா என்று கேட்டான். இப்போதைக்குக் கொட்டிலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.