சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளைகள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் முளையை இனங்காண்பது ஒன்று. அதற்கு நீர் பாய்ச்சி வேலியிட்டுக் காத்து, உரிய காலத்தில் அவ்வேலியை அகற்றிவிடுவது வேறொன்று. சிறுவரைத் திருச்சபைப் பணிக்குத் தலைவர்களாக உருவாக்குவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் தஞ்சை மாநகரின் வரலாற்றை ஒருகால் நோக்குதல் நலம். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த முயற்சியின் வெற்றியும் சிக்கலும் ஒருங்கே நமக்குப் பாடமாகும்.

சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், ஆலயத்தோடு பள்ளியையும் தொடங்கினார். திருச்சபையின் நாற்றங்கால் பள்ளியே என்பது அவர் கொண்ட கொள்கை. ஆசிரியராகவும் உபதேசியாராகவும் தொண்டாற்றிய ஆரோன் என்னும் தமிழர், 1733-இல் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் இந்தியருள் முதன்முதல் அந்நிலை எய்தியவர் அவரே.

இவ்வழியில் வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியை அடைந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டு புரிந்து, 1798-இல் தஞ்சையிலேயே மறைந்தார். மணம் புரியாத அவருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தனர் எனலாம். சக ஊழியர் ஒருவரின் மகனாக 1762-இல் தரங்கம்பாடியில் பிறந்த ஜான் காஸ்பர் கோலாப் என்பவரைச் சிறு பருவத்திலேயே தம்மிடம் வைத்துப் பேணினார். அச்சிறுவர் 1787-இல் குருவாகி, 1844 வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டுச் சபைக்கு உழைத்தார்.

வேதநாயகம் 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அங்குச் சென்ற சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டு வயதுச் சிறுவரான அவரைத் தந்தையின் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்து வந்தார். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் கல்வி அளிக்கப்பெற்றது. அதனினும் சிறந்தது, அளிக்கப்பெற்ற பொறுப்பு. பத்தொன்பதாம் வயதிலேயே தஞ்சை வேதசாத்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவி அவரை வந்தடைந்தது! இளையவன், பொறுத்திருக்கட்டும் என்று எவரும் தடுக்கவில்லை. பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றி, வேதநாயகம் சாஸ்திரியார் என நாடெங்கும் புகழ் பெற்றவர் இவரே. நாட்டுக்குரிய குறவஞ்சி வடிவத்தையே சமயத் தொண்டுக்குக் கொண்டது, வேற்றுநாட்டுக் குரு தம் மாணவரைத் தமிழராகவே வளரவிட்டதன் பயன் என்று நாம் கருதுகின்றோம்.

இனிச் சிக்கலைக் காண்போம். சுவார்ட்ஸ் ஐயர் காலத்துக்குப் பின் வந்த புதிய மிஷனரிகள் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்ற முனைந்தனர். வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். பழைய வேதமொழிபெயர்ப்பை நீக்கலாகாது, ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கலாகாது, திருநாட்களில் மலர் அணியைத் தடுக்கலாகாது என்று வாதிட்டார். இவை தமிழ்ப் பண்பாட்டின் பொருட்டு எழுந்த குரல்கள். ஆனால், ஆலயத்தில் சாதியினர் தனித்தனியே அமரும் வழக்கத்தையும் அவர் காக்க முயன்றார். இதனை நாம் மறைத்தலும் முறையன்று, ஒப்புதலும் முறையன்று. இறைவன் திருமுன் மாந்தரைப் பிரிக்கும் வழக்கம் எக்காலத்தும் பிழையே. முடிவில் அவர் மிஷன் பணியை இழந்தார். சரபோஜி மன்னர் அவருக்குத் தம் அவையில் இடமளித்தார்.

அம்மன்னரும் இளமையில் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவரே. துளஜாஜி மன்னர் 1787-இல் தம் சுவீகாரப் புதல்வரான சரபோஜியை அவரிடம் ஒப்புவித்தார். சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்திருந்தார். எனினும் தம் குருவுக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் எழுப்புவித்தார். பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கிய அச்சிற்பத்தில், மரணப் படுக்கையிலுள்ள ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்கின்றார். வற்புறுத்தாது வளர்த்த வளர்ப்புக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தில் இராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளிகளை 1780-இல் தொடங்கினார். அம்முறை உலகெங்கும் பரவிற்று. இன்று பெங்களூரின் ஈஜிபுரா போன்ற, தமிழர் வாழும் பகுதிகளிலும் சிறுவர்கள் வசனம் மனனம் செய்கின்றனர், பரிசும் பெறுகின்றனர். நன்று. ஆனால் மனனம் செய்தவன் மாணவன், பொறுப்பேற்றவனே தலைவன். பாடலைத் தொடங்கவும், இளையோருக்குக் கதை சொல்லவும், நோயுற்றோரைப் பெரியோருடன் சென்று காணவும் சிறுவர்க்கு நாம் இடமளிக்கின்றோமா?

அங்ஙனம் அளித்தால், வளர்ந்த பிள்ளை ஒருநாள் நம்மையே மறுத்துப் பேசக்கூடும். அம்மறுப்பில் நெல்லும் பதரும் கலந்திருக்கலாம். பதரை எடுத்துக்காட்டுவது நம் கடமை. அதற்கு அஞ்சி வாயை அடைப்போமாயின், நமக்குப் பின்பாட்டுப் பாடுவோர் கிடைப்பர், தலைவர் கிடையார்.