கொக்கிஸின் உடன்பிறப்பு

ஐப்பசி பிறக்கும் நாள்களில் ரொறன்ரோவில் மேப்பிள் இலைகள் நிறம் மாறும். வெளியில் வாடைக்காற்று அடிக்கும்போது என் மகள் வீட்டுக் குசினியில் நானும் பேத்தியும் குக்கி சுடுவது வழக்கம். வெண்ணெயும் மண்ணிறச் சீனியும் குழைத்து, ஓட்ஸும் கோதுமை மாவும் கலந்து, வெந்நீரில் ஊறிய உலர்ந்த முந்திரிகையும் சிறிதாக நறுக்கிய ஏப்ரிகொட்டும் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் கேட்டாள்: "அம்மம்மா, குக் பண்ணுறபடியாலதானே இதுக்குக் குக்கி எண்டு பேர்?"

ஓமென்று சொல்லிவிட்டு மாவை உருட்டியிருக்கலாம். சொற்களை விரும்புகிறவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை. அவள் கேட்டது, கேட்ட காதுக்கு மிகவும் பொருத்தமாகப்படுகிற பிழை. குக்கிக்குள் குக் இல்லை. ஆங்கிலத்தில் சமைத்தலைக் குறிக்கும் 'குக்' இலத்தீன் வழி வந்தது. 'குக்கி'யோ ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஒலியில் வந்து நிற்பது தற்செயல்.

ஒல்லாந்தர் மொழியில் 'கூக்' என்றால் கேக். ஆங்கிலத்தின் 'கேக்', செருமானியரின் 'கூஃகன்', பழைய நோர்சு மொழியின் 'காகா' எல்லாம் ஒரே வடபுலக் குடும்பத்தின் பிள்ளைகள். இந்தக் கூக்கின் கடைசியில் சிறுமை காட்டும் 'யே' ஈறு சேர, 'கூக்யே' பிறந்தது: சின்னக் கேக் என்பதே அதன் பொருள். இன்றைய நியூயார்க் நகரம் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரோடு ஒல்லாந்தரின் குடியேற்றமாக இருந்தது. 1664இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினார்கள். கொடி மாறியதே தவிர, அட்சன் ஆற்றங்கரை வீடுகளின் அடுப்பங்கரைச் சொற்கள் மாறவில்லை. அண்டை வீட்டு ஆங்கிலக்காரி ஒல்லாந்தக்காரியிடம் பலகாரத்தோடு பெயரையும் வாங்கிக்கொண்டாள். 1796இல் ஆர்ட்பர்டு நகரில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் நூலில் குக்கி அச்சேறிவிட்டது. ஓட்ஸ் சேர்ந்த குக்கியைக் காண இன்னும் நூறாண்டு பொறுக்கவேண்டும்: 1896இல் வந்த ஃபேனி ஃபார்மரின் நூலில் அது இருக்கிறது. இரண்டு கோப்பை மாவுக்கு அரைக் கோப்பை ஓட்ஸ், அவ்வளவுதான், பழம் சேரவில்லை. இங்கிலாந்தில் இதே பண்டத்துக்குப் பிஸ்கட் என்று பெயர். ஸ்கொட்லாந்தில் குக்கி கேட்டால் மெத்தென்ற இனிப்புப் பணிஸ் கைக்கு வரும்.

அந்த 'யே' ஈற்றில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பெரியதைச் சிறியதாக்கும்போது கூடவே கொஞ்சம் செல்லமும் ஏறிவிடுகிறது. நம் மொழிக்கும் இந்த வேலை நன்றாகத் தெரியும். குடி என்பதோடு இல் சேர்ந்தால் குடில். முறம் சிறுத்தால் முற்றில். தொட்டி சிறுத்தால் தொட்டில். நாக்கு மேலண்ணத்தை மெல்லத் தொட்டு விடும் அந்த லகர மெய்யில், பொருள் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்குவதை வாயே உணர்கிறது.

கூக்யே மேற்கே போனது மட்டுமில்லை, கிழக்கேயும் கப்பலேறியது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இலங்கைக் கரையோரத்தை ஆண்டவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று கூக்யேயின் பன்மையான 'கூக்யெஸ்'. அது சிங்களத்தில் 'கொகிஸ்' ஆயிற்று, நம் வாயில் கொக்கிஸ் ஆயிற்று. அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, சூடேறிய பூ அச்சை அதில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெய்க்குள் இறக்கி, உதறிவிட்டால் மொறுமொறுவென்று மலர்ந்து வருகிற அந்தப் பலகாரத்துக்கும் ரொறன்ரோவின் ஓட்ஸ் குக்கிக்கும் சுவையில் ஓர் உறவும் இல்லை. பெயரில் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் அதே பண்டம் அச்சு முறுக்கு. அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நத்தாருக்குச் சுடும்போது அதை 'ரோஸ் குக்கி' என்கிறார்கள். ஆக, ஒரே கூக்யே ஒல்லாந்தர் கப்பலில் நேராக வந்து கொக்கிஸ் ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்து குக்கியாகி, அதே அச்சுப் பலகாரத்தின் மேல் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறது. பிரிந்துபோன இரு உடன்பிறப்புகள் ஒரே எண்ணெய்ச் சட்டியில் சந்தித்தது போன்ற இந்த நிகழ்ச்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை.

கொக்கிஸின் கடைசி 'ஸ்' ஒல்லாந்தரின் பன்மை விகுதி. ஒன்றைக் கையில் எடுத்தாலும் நாம் கொக்கிஸ் என்றே சொல்கிறோம். எங்கள் கலவையில் கிடந்த ஓட்ஸிலும் அப்படி ஒரு வால் ஒட்டியிருக்கிறது. அதற்குக் காடைக்கண்ணி என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. காடையின் கண்போன்ற சிறுமணி என்று விரித்துப் பார்த்தால் அழகான பெயர்தான். ஆயினும் நம் ஊர்ச் சிறுதானியம் ஒன்றுக்கும் அது வழங்குவதால் எனக்குச் சற்றுத் தயக்கம். உலர்ந்த முந்திரிகையை இலங்கைக் கடைகளில் 'பிளம்ஸ்' என்று கேட்டு வாங்குவோம். சர்க்கரைப் பொங்கலுக்குக் கஜுவும் பிளம்ஸும் இல்லாமல் முடியாது. பிளம் வேறு பழமாயிற்றே என்று தமிழ்நாட்டு நண்பர்கள் வியப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் பலகாரத்தில் இடும் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்று பெயர் இருந்தது. நத்தார் பிளம் புடிங்கில் பிளம் இல்லாததற்கும் அதுவே காரணம். ஆங்கிலேயர் மறந்த வழக்கை நாங்கள் பொங்கல் பானையில் காத்துவைத்திருக்கிறோம். முந்திரிகையும் அப்படிப்பட்ட சொல்தான். வடமொழி மிருத்வீகாவிலிருந்து வந்த அது கொடியில் காய்ப்பதையே குறித்தது. மலையாளிகளுக்கும் எங்களுக்கும் இன்றும் அதே பொருள். பிரேசிலின் கஜு மரம் போர்த்துக்கேயரோடு வந்து தமிழ்நாட்டில் அந்தப் பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டபின், கொடியில் காய்ப்பது அங்கே திராட்சை என்ற பெயரோடு நிற்கிறது.

குக்கிக்குள் இல்லாத குக், பின் எங்கே போயிற்று? இலத்தீனில் சமைத்தல் 'கொகுவெரே', சமைத்தது 'கொக்துஸ்'. இருமுறை சுட்டது 'பிஸ் கொக்துஸ்'. கடற்பயணத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஒருமுறை சுட்ட ரொட்டியை மறுபடியும் சுட்டு ஈரத்தை வாங்கிவிடுவார்கள். கல்லாக இறுகிய அந்தக் கப்பல் ரொட்டியின் பெயர் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய் பிஸ்கட் ஆயிற்று. போர்த்துக்கேய மொழியில் 'பிஸ்கொய்த்து' ஆகி நம் கரையில் இறங்கியது. தமிழ்நாட்டில் பிஸ்கோத்து, யாழ்ப்பாணத்தில் விசுக்கோத்து. எங்கள் விசுக்கோத்தில் பகரம் வகரமாக நெகிழ்ந்து, ஸகரம் உகரம் ஏறிச் சுகரமாகி, ககரமும் தகரமும் இரட்டித்து, சொல் முழுக்கத் தமிழ் நடையில் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இதற்குத் தனித்தமிழில் ஈரட்டி என்றொரு சொல் ஆக்கியிருக்கிறார்கள். ஈர் என்பது இரண்டு. அடுதல் சமைத்தல், அடுப்பையும் அடுக்களையையும் அடிசிலையும் தந்த வினை. இலத்தீன்காரன் கட்டிய அதே முறையில் தமிழ்ச் செங்கல் கொண்டு கட்டிய சொல் அது. மாச்சில் என்ற ஆக்கமும் உண்டு; மாவாலான சில்லு என்பது பொருள். இரண்டும் ஒரே பண்டத்துக்கு வழங்கினாலும், மொறுமொறுத்த கப்பல் உறவினனுக்கு ஈரட்டியையும், ஒரே தடவை சுட்டு நடுவில் மென்மையாக விட்டுவைக்கும் குக்கிக்கு மாச்சிலையும் கொடுத்தால் பொருந்தும் என்பது என் எண்ணம். அந்தச் சில்லின் ஈற்றிலும், வேர் வேறானாலும், குடிலின் செல்ல ஒலி கேட்கிறதல்லவா!

விசுக்கோத்தோடு அந்த வேர் நிற்கவில்லை. நாங்கள் நின்றிருந்த இடத்தின் பெயரே அதுதான். குசினி போர்த்துக்கேயரின் 'கொசீஞ்ஞ'; அதன் மூலம் இலத்தீனின் 'கொகுவீனா', சமைக்கும் இடம். பேத்தி கத்தியால் நறுக்கிய ஏப்ரிகொட்டிலும் அது ஒளிந்திருக்கிறது. மற்றப் பழங்களுக்கு முந்திப் பழுப்பதால் இலத்தீனில் அதற்கு 'பிரைகொகும்' என்று பெயரிட்டார்கள்: முன்கூட்டி வெந்தது. கிரேக்கர் வாயில் அது திரிந்தது. அரபியர் 'பர்கூக்' ஆக்கி முன்னே 'அல்' சேர்த்தார்கள். ஐபீரியக் கரையில் 'அல்பிரிகோக்கே' ஆகி, பிரான்சு வழியே ஆங்கிலத்தில் ஏப்ரிகொட் என்று ஒடுங்கியது. எனவே பேத்திக்கு நான் சொன்ன விடை இது: "குக்கியில குக் இல்லைப் பிள்ளை. அதுக்குள்ள கிடக்கிற இந்தத் துண்டிலதான் இருக்கு."

அவள் அதை வெகுநேரம் நம்பவில்லை. வாசலில் வைத்திருந்த பூசணிக்காயைக் காட்டினேன். அதன் ஆங்கிலப் பெயரான 'பம்கின்' கிரேக்கத்தின் 'பெபோன்' வழியது. வெயிலில் வெந்து கனிந்தது என்பது பெபோனின் பொருள். கின் என்ற ஈறு, ஒல்லாந்தர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு சிறுமை விகுதி. இலத்தீனின் கொகுவெரேயும் கிரேக்கத்தின் பெபோனும் ஒரே மூதாதைச் சொல்லின் வழித்தோன்றல்கள். ஒரு பகரமும் ஒரு ககரமும் கொண்டிருந்த அந்த மூதாதையை ஒவ்வொரு மொழியும் தன் நாவுக்கு ஏற்ப இசைத்துக்கொண்டது. இலத்தீன் இரண்டையும் ககரமாக்கியது. கிரேக்கம் பெபோனில் இரண்டையும் பகரமாக்கியது. முன்னது பகரம், பின்னது ககரம் என்று இரண்டையும் அப்படியே காத்துக்கொண்டது வடமொழி: 'பக்வ'. அதைத்தான் நாம் பக்குவம் என்று வாங்கினோம். பாகு பக்குவமாக வந்துவிட்டதா என்று கேட்கிற நம் அம்மாமார், விசுக்கோத்துக்கும் குசினிக்கும் ஏப்ரிகொட்டுக்கும் பம்கினுக்கும் உறவான சொல்லை நாள்தோறும் நாவில் வைத்திருந்தார்கள்.

பக்குவம் விருந்தாளிச் சொல். வீட்டுக்கார வினை நமக்குப் பழுத்தல். பழு என்னும் அடியிலிருந்து பழம் வந்தது. பழுத்த வெற்றிலை வந்தது. அந்த இலையின் நிறத்திலிருந்து பழுப்பு வந்தது. வயதால் கனிந்தவரைப் பழுத்த கிழவர் என்றோம். கொல்லன் உலையில் இரும்பு செக்கச்சிவந்து நிற்பதைப் பார்த்தபோதும் நமக்கு அதே வினைதான் வந்தது: பழுக்கக் காய்ச்சிய இரும்பு. இலத்தீனும் கிரேக்கமும் அடுப்பிலிருந்து புறப்பட்டுத் தோட்டத்துக்குப் போய், வெயிலில் பழம் வேகிறது என்றன. தமிழோ தோட்டத்திலிருந்து புறப்பட்டு உலைக்களத்துக்கு வந்து, நெருப்பில் இரும்பு பழுக்கிறது என்றது. திசை எதிரெதிர். இரு புலத்தாரும் கண்டது ஒன்று: வெயில் செய்வதும் நெருப்புச் செய்வதும் ஒரே வேலை. ழகரத்தை நாக்கு மடித்துச் சொல்லும்போது பழுத்தல் என்ற சொல்லே வாயில் சற்றுக் குழைந்து கனிகிறது.

இந்தப் பருவத்துக்கு நாம் இலையுதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அமெரிக்கர் இதை உதிர்வு என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் முந்திய பெயர் அறுவடை என்று பொருள்படும் 'ஆர்வஸ்ட்', ஒல்லாந்தர் இன்றும் 'ஹெர்ஃப்ஸ்ட்' என்கிறார்கள். நம் ஆறு பருவங்களில் ஐப்பசி கார்த்திகைக்கு உரியது கூதிர். கூதல் காற்று என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கூதலின் உறவு. ஆனால் நம் கூதிரில் மழை ஈரம்தான் நிறைந்திருக்கும், மரங்கள் மொட்டையாவதில்லை. ரொறன்ரோவின் ஐப்பசியைக் கூதிர் என்று சொன்னால் பாதிதான் பொருந்தும். இலையுதிர்காலம் என்றாலும் கடைசி வாரத்தைத்தான் சொன்னதாகும். உதிர்வதற்கு முன் மூன்று கிழமை அந்த மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிற நிலைக்கு, என் வாயில் தானாக வருவது இலை பழுத்துவிட்டது என்பதுதான்.

180 பாகையில் போறணை சூடாகியிருந்தது. போறணையும் போர்த்துக்கேயரின் 'ஃபோர்னு'தான். அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. தட்டை உள்ளே வைத்துப் பன்னிரண்டு நிமிடம் எண்ணினோம். பத்தாவது நிமிடத்தில் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு, "எடுப்பமே அம்மம்மா?" என்றாள். நடு இன்னும் வெளிறியிருந்தது. ஓரத்தில் ஒரு கோடுபோல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

"பொறு பிள்ளை," என்றேன். "கரை பழுக்கட்டும்."