பறவைகள் பேசியது பொய்யா?

பாரசீக இலக்கியம் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் மதரஸா மாணவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், பறவைகள் கூடிப் பேசியதாக எழுதுவது பொய் ஆகாதா?" பொய்க்கு அஞ்சும் உள்ளத்திலிருந்து எழும் கேள்வி இது. ஆகவே விடை சொல்வது நம் கடமை.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஈரானின் நைஷாப்பூரில் வாழ்ந்தவர் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார். மருந்தும் நறுமணப் பொருளும் விற்பவரை 'அத்தார்' என்பர். அத்தொழிலே அவருக்குப் பெயராயிற்று. அவர் யாத்த காவியம் 'மன்திக்குத் தைர்', அதாவது பறவைகளின் மொழி. சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதைக் கூறும் இறைவசனத்தில் (27:16) உள்ள சொல் அது. ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தியே காவியத்திலும் வழிகாட்டி.

தமக்கோர் அரசன் வேண்டுமெனப் பறவைகள் கூடுகின்றன. ஸீமுர்க் எனும் அரசனைத் தேடிப் புறப்படுவோம் என்கிறது ஹுத்ஹுத். உடனே சாக்குகள் பிறக்கின்றன. புல்புல் ரோஜாவைப் பிரியாது. வாத்து நீரை விட்டு வராது. ராஜாளிக்கு மன்னர் கைமீது அமரும் பெருமை போதும். ஆந்தைக்குப் பாழிடத்துப் புதையலே உலகம். பேராசை தீது என்று நேரே சொன்னால் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆந்தையைப் பார்த்துச் சிரித்த பின்னரே நம் பெட்டிச் சாவி நினைவுக்கு வருகிறது. உருவகம் செய்யும் வேலை இதுதான்.

தேடலில் தொடங்கித் தன்னை இழத்தலில் முடியும் ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து முப்பது பறவைகளே எஞ்சுகின்றன. அரசவையில் அவை காண்பதோ தம்மையே. பாரசீகத்தில் 'ஸீ' என்றால் முப்பது. 'முர்க்' என்றால் பறவை. இச்சொல்நயத்தைப் பற்றிக்கொண்டு, படைத்தவனும் படைப்பும் ஒன்றே எனக் கொள்கை வகுத்துவிடலாகாது. கண்ணாடியில் சூரியன் தெரிவதால் கண்ணாடி சூரியனாகிவிடாது. நஃப்ஸின் துரு நீங்கிய உள்ளத்தில் இறையொளி புலப்படும் என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள்.

இனி, மாணவர் கேள்விக்கு வருவோம். கேட்பவரை ஏமாற்ற எண்ணிச் சொல்வதே பொய். அத்தார் எவரையும் ஏமாற்றவில்லை; அது உவமைக் கதை என்பதைப் படிப்பவரும் அறிவார். சிலந்தியின் வீட்டையும் (29:41) கொசுவையும் (2:26) உவமைக்கு எடுத்துக்கொண்ட வேதத்தை ஓதும் நமக்கு உவமை அந்நியமன்று. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. திருக்குர்ஆனில் ஹுத்ஹுத் பேசியது நடந்த நிகழ்வு. அதை நம்புவது ஈமான். அத்தாரின் ஹுத்ஹுத் கவிஞரின் கற்பனை. அதிலிருந்து பாடம் பெறுவது அறிவு. இரண்டையும் குழப்பினால் கதை அகீதாவாகிவிடும், அல்லது வேதம் கதையாகிவிடும்.

பறவைகள் பேசினவா என்று கேட்ட மாணவரிடம் நாம் திருப்பிக் கேட்பது இதுதான்: பாங்கோசை கேட்டும் எழாதிருக்க நாம் சொல்லும் சாக்கு, அவற்றுள் எந்தப் பறவையுடையது?

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.